இரண்டாவது வெடி

"மார்க்ஸ்" என்று அண்ணன் குரல் கொடுத்ததும் நோவ்லெட் எல்லிஸ்டன் முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். ஆறு பெண்கள் புல்தரையில் குனிந்து, கோட்டுக்குப் பின்னால் விரல்களை ஊன்றுகிறார்கள். அவர்களுடைய பயிற்சியாளரோ மைதான ஓரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி நிற்கிறாள். "செட்." ஆறு இடுப்புகள் உயர்கின்றன. நோவ்லெட்டின் தோள்களும் காது வரை உயர்கின்றன. அண்ணன் கையிலிருக்கும் இரண்டு பலகைகள் பட்டென்று அறைந்துகொள்ள, பன்னிரண்டு கால்கள் சிவப்புப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடுகின்றன. அதற்குப் பிறகுதான் அவள் திரும்புகிறாள்.

"மூணாவது லேன், நாலாவது அடி ரொம்ப நீளம். அஞ்சாவது, என்னடி, தலையில கூடை வச்சுக்கிட்டுச் சந்தைக்குப் போறியா? பத்தடி போறதுக்குள்ள நிமிர்ந்துட்ட. ரெண்டாவது, தரையை உதைக்காதே, தள்ளு. உதைக்கறது கழுதை, தள்ளறவதான் ஓட்டக்காரி."

பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அதனால் ஊரில் அவளுக்கு 'காதால பாக்குற கோச்' என்று பேர். செயின்ட் எலிசபெத் மாவட்டம் முழுக்க இது ஒரு வித்தை என்று பேசிக்கொள்கிறார்கள். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பயிற்சியாளர்கள் வந்து, தாங்களும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறார்கள். அது வித்தை இல்லை, பயம் என்பது அண்ணன் லின்வாலுக்கு மட்டும் தெரியும். ஓட்டம் தொடங்கும் காட்சியைத் தங்கை கண்ணால் பார்த்துப் பதினாலு வருடங்கள் ஆகின்றன.

லின்வால் அவளுக்கு ஆறு வயது மூத்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வெங்காயத்தாளும் தர்ப்பூசணியும் பயிரிடுகிறான். நூல் கட்டித்தான் நாற்று நடுவான். அவன் வயலில் வரிசை ஒரு விரல் விலகாது. பள்ளி மைதானத்தின் ஓடுபாதைக் கோடுகளும் அவன் போட்டவைதான். மெக்கானிக் கடையிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கி வந்து, நூல் பிடித்து ஊற்றிப் புல்லைக் கருக வைப்பான். எட்டுக் கோடுகளும் நேராக நிற்கும். தங்கையின் ஓட்டக் கணக்கு முழுவதும் அவன் நோட்டில் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் நூறு மீட்டரை வெறுங்காலோடு ஓடியது 13.9 நொடி. இரண்டு அளவு பெரிய ஆணிச் செருப்பில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு ஓடியது 12.6. ஜமைக்காவின் மஞ்சள் பச்சைச் சட்டையில், காற்றின் உதவி இல்லாமல், 11.04. தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓடி வாங்கிய வெள்ளிப் பதக்கம் அவள் சமையலறையில் மாவுச் சல்லடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. எந்த விருந்தாளி வந்தாலும், அவள் தேநீர் போடப் போன நேரம் பார்த்து லின்வால் அதைக் கழற்றிக் காட்டிவிடுவான்.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் நேரம் இல்லை. கடல் கடந்து நடந்த பெரிய போட்டி, நூறு மீட்டர் இறுதி ஓட்டம், ஐந்தாவது லேன். தொடக்கத் துப்பாக்கி ஒரு முறை வெடித்தால் ஓட்டம். உடனே இரண்டாவது வெடி கேட்டால் யாரோ முந்திக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். அன்று இரண்டு வெடிகளும் கேட்டன. சிவப்பும் கறுப்புமாகக் குறுக்கே பிரித்த அட்டையை ஒருவர் நோவ்லெட்டின் முகத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஒரே தவறுதான், வெளியே போக வேண்டியதுதான். மிஸ் ஐவியின் கடையில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. மிஸ் ஐவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொட்டிய அணைங்கடா" என்றாள்.

அன்றிலிருந்து நோவ்லெட்டுக்குச் சத்தம் பயமில்லை, அமைதிதான் பயம். இடி இடித்தால் அசைய மாட்டாள். ஆனால் தேவாலயத்தில் போதகர் "ஜெபிப்போம்" என்று சொல்லிக் கண்ணை மூடியதும், முதல் வார்த்தை வருவதற்குள் விழும் இடைவெளி இருக்கிறதே, அதை அவளால் தாங்க முடியாது. இருமிவிடுவாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கதை. "கோச், உங்க இருமல் கேட்காம ஆண்டவரே காதைத் திறக்கறதில்ல போலிருக்கு" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் கைக்குட்டை விரல்களுக்குள் கசங்கிக்கொண்டே இருக்கும்.

மற்ற பயங்கள் எல்லாம் இதன் குட்டிகள். போட்டிக்குப் போகும் பஸ்ஸின் சக்கரங்களை ஓட்டுநருக்கு முன்னால் அவள் உதைத்துப் பார்ப்பாள். பையில் பன்னிரண்டு சேஃப்டி பின், நான்கு ஜோடிச் செருப்புக் கயிறு, நகவெட்டி. பந்தய வாரத்தில் எந்தப் பெண்ணும் மாம்பழம் தொடக் கூடாது. காலையில் மக்காச்சோளக் கஞ்சியைத் தானே காய்ச்சி, தானே முதலில் குடித்து, அரை மணி நேரம் கழித்துத் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவாள். "மிஸ், விஷம் வைக்கறதா இருந்தா நீங்கதானே வைக்கணும்?" என்று கெமோயா ஒருநாள் கேட்டாள். "அதான் பயமா இருக்கு" என்றாள் நோவ்லெட்.

கெமோயாவுக்குப் பதினைந்து வயது. பேருந்துக்குப் போவதென்றால்கூட நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். இந்த மாவட்டத்தில் 11.6-க்குக் கீழே ஓடும் அவள் வயதுப் பெண் வேறு யாரும் இல்லை. மார்ச் மாதம் கிங்ஸ்டனில் நடக்கும் பள்ளிகளின் பெரிய போட்டியான சாம்ப்ஸில் அவள் இறுதி ஓட்டத்துக்குப் போவாள் என்று மிஸ் ஐவி கடையில் டாமினோ ஆடுகிறவர்கள் முதல் போதகர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

டாமினோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லின்வாலின் கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு முழுச் செட் கட்டைகள் இருக்கும், இருபத்தெட்டும். கடை வாசலில் பலகை அதிர அறைந்து ஆடுவதற்கு அல்ல. தங்கை முந்திக் கிளம்பிய அந்த ஓட்டத்தை அவன் நூறு முறை போட்டுப் பார்த்தான். சிறுவயதில் அவளுக்குப் பலகை தட்டியவன் அவன்தான். "செட்" சொல்லி, மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தட்டுவான். ஒருநாளும் கூடாது, ஒருநாளும் குறையாது. தன் ஒழுங்கைப் பற்றி அவனுக்கு அத்தனை பெருமை. பெரிய மைதானத்தில் துப்பாக்கி வெடித்தவரோ கூடுதல் நேரம் பிடித்து வைத்திருந்தார். தன்னுடைய 'இரண்டு'தான் தங்கையைத் தள்ளிவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். அதை அவளிடம் சொல்லும் தைரியம் வரவில்லை.

தொடைத் தசை கிழிந்து, ஓட்டத்தை விட்டு ஊருக்கு வந்த நோவ்லெட் பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்த அன்றே, "அண்ணே, பலகை தட்ட வா" என்று கூப்பிட்டாள். அன்றுதான் டாமினோ வாங்கினான். ஒவ்வொரு முறையும் பைக்குள் கைவிட்டு ஒரு கட்டையை எடுப்பான். கட்டைவிரலால் புள்ளிகளைத் தடவிப் பார்ப்பான். எத்தனை புள்ளியோ அத்தனை எண்ணிக்கை. வெற்றுக் கட்டை வந்தால் "செட்" சொன்னதும் தட்டு. பன்னிரண்டு புள்ளி வந்தால் பெண்களின் தொடை நடுங்கும்வரை நிறுத்து. இனி யாரும் தன் கையை எண்ணிக் கிளம்ப முடியாது. ஒன்பது வருடங்கள் இப்படித் தட்டினான். அவன் பயம் கொஞ்சம் தூங்கியது.

சாம்ப்ஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மாலை அது விழித்துக்கொண்டது.

மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் நோவ்லெட் எதுவும் சொல்லவில்லை. கழுதையும் இல்லை, கூடையும் இல்லை. "கெமோயா மட்டும்" என்றாள். தொட்டியைப் பார்த்து நின்றாள். லின்வால் தட்டினான். "இன்னொரு தடவை." தட்டினான். "இன்னொன்னு." ஐந்து முறை ஆயிற்று. பிறகு மெதுவாக நடந்து அந்தப் பெண்ணிடம் போனாள்.

"சத்தம் கேட்டுத்தான் கிளம்பறியா?"

"ஆமா மிஸ்."

"என் காதுகிட்டப் பொய் சொல்லாதே. உன் முதல் அடி சத்தத்துக்குப் பின்னாடி வரல. சத்தத்தோட ஒட்டிக்கிட்டு வருது."

கெமோயா மற்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"சொல்லட்டுமா, அங்கிள் லின் கோவிச்சுக்க மாட்டாரே? தட்டறதுக்கு முன்னாடி அவரு மூக்கால ஒரு மூச்சு இழுப்பாரு மிஸ். சூப்புச் சட்டியை மோந்து பாக்கற மாதிரி. எங்க எல்லாருக்கும் தெரியும். நான்தான் அதைப் பிடிச்சுக்கிட்டுக் கிளம்பறேன். மத்தவங்களுக்கு வேகம் பத்தல."

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். லின்வாலும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பெண்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு அவள் கோட்டருகே உட்கார்ந்தாள். அவன் பைக்குள் கட்டைகளை உருட்டியபடி நின்றான்.

"நோவ், நான் எண்ணிக்கையை மாத்தி மாத்தித்தானே தட்டறேன்? டாமினோ எதுக்கு வச்சிருக்கேன்? உனக்கு நான் ஒரே மாதிரி எண்ணினேன்ல, அதனாலதானே அன்னிக்கு..."

"எண்ணிக்கை இல்லண்ணே."

"பின்னே?"

"அப்பவும் நீ மூச்சு இழுப்பே."

பைக்குள் கட்டைகளை உருட்டுவதை அவன் நிறுத்தினான். மைதானத்துக்கு அப்பால் ஒரு ஆடு கத்தியது.

"அன்னிக்கு நாலாவது லேன்ல இருந்தவ மூச்சு இழுத்தா. நீ இழுக்கற மாதிரியே கேட்டுச்சு. கால் போயிடுச்சு. நான் போகல, கால்தான் போச்சு."

"பதினாலு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மூச்சு விடறதையே நிறுத்திடுவே."

அவன் பலகைகளைக் கீழே வைத்தான். "அப்புறமும் என்னையே ஏன் தட்டக் கூப்பிட்ட?"

நோவ்லெட் கருகிய கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "வேற யார் தட்டினாலும் என்னால நிக்க முடியல. எப்ப வரும், எப்ப வரும்னு உயிர் போகுது. நீ மூச்சு இழுத்தா, இதோ வந்துடுச்சுன்னு தெரிஞ்சிடும். அந்த ஒரு மூச்சுக்காகத்தான். என் பயத்துக்கு மருந்துன்னு நெனச்சேன். அதையே அந்தப் பொண்ணுக்கு ஊட்டிட்டேன். திரும்பி நின்னு பாத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

மறுநாள் முதல் லின்வால் "மார்க்ஸ்" சொன்னதும் மூச்சை இழுத்து, அதைக் கொண்டே "செட்" சொல்லி, பலகை அறையும்வரை மிச்சத்தைப் பூட்டி வைத்தான். முதல் மாலையிலேயே அடுத்தடுத்துப் பெரிய கட்டைகளாக வந்தன. ஏழாவது முறை தட்டியபோது கண் இருட்டிப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "அங்கிள் லின், ஓடறது நாங்களா நீங்களா?" என்று பெண்கள் விசிறினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. தொட்டியருகே நின்றவளின் நிலைமை வேறு. முன்னறிவிப்புச் சொல்லும் மூச்சு இல்லை. "செட்"டுக்கும் சத்தத்துக்கும் நடுவே அடியில்லாத கிணறுபோல ஓர் அமைதி. அவள் தொட்டியின் குழாயைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு முறை இருமினாள். அந்த இருமலுக்கே கெமோயா ஒரு தடவை பாய்ந்துவிட்டாள்.

கெமோயாவின் கால்களும் குழம்பின. முதலில், வராத பஸ்ஸுக்கு நிற்பவள்போலத் தாமதமாகக் கிளம்பினாள். பிறகு பொறுக்காமல் முந்தினாள். பத்தில் நான்கு தவறு, பத்தில் மூன்று, இருபதில் இரண்டு. லின்வால் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். கடைசி நாள் முப்பது முறை தட்டினான். இருபத்தொன்பது சுத்தம். இருபத்தாறாவதில் மட்டும் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். கெமோயா மூன்றடி ஓடிப்போய் நின்று, தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"முப்பதுக்கு ஒண்ணு. நல்ல கணக்குதான், நோவ்" என்றான்.

"அந்த ஒண்ணு எப்ப வரும்னு உன் டாமினோ சொல்லுமா?"

கிங்ஸ்டனுக்குப் போகும் வழியெல்லாம் அவள் வெளியே பார்க்கவில்லை. ஓட்டுநரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள், அவர் தூங்கிவிடுவாரோ என்று. மிஸ் ஐவி கட்டிக் கொடுத்த பன்னும் சீஸும் பொட்டலம் பிரியாமல் மடியில் இருந்தது. முதல் சுற்றில் கெமோயா எளிதாக வந்தாள். அரையிறுதியில் 11.52. லின்வால் அதை நோட்டில் இரண்டு முறை எழுதினான். நோவ்லெட் அந்த இரண்டு ஓட்டங்களின்போதும் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். பின்வரிசையில் இறைச்சி வைத்துச் சுட்ட 'பட்டி' தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி, "என்ன கோச், ஓட்டம் என் மூஞ்சியிலயா நடக்குது?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை மாலை, இறுதி ஓட்டம். மேளங்களும் ஊதல்களும் காலையிலிருந்து ஓயவில்லை. கெமோயா ஆறாவது லேன். தொடக்கக் கட்டைக்குப் பின்னால் நின்று தன் தொடைகளை அறைந்துகொண்டாள். கோட்டில் எட்டுப் பெண்கள், எட்டு மூக்குகள் என்று லின்வால் எண்ணினான். இந்த மைதானத்தில் இப்படி ஒரு கணக்குப் போட்ட ஆள் தான் ஒருவனாகத்தான் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. சட்டை முதுகில் ஒட்டியது.

"மார்க்ஸ்" என்று ஒலிபெருக்கி சொன்னது. நோவ்லெட் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டாள். மேளங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முப்பதாயிரம் பேர் இருக்கும் இடத்தில், கீழே கொடிக்கம்பத்தின் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் கேட்டது. அவளுடைய தோள்கள் காது வரை ஏறியதை லின்வால் பார்த்தான். இருமப் போகிறாள் என்று நினைத்தான். அவள் இருமவில்லை. பட்டி தின்ற பெண்மணி மெல்லுவதை நிறுத்தினாள்.

நோவ்லெட் திரும்பினாள். கால்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, இருட்டில் படியிறங்குகிறவள்போலத் திரும்பினாள். ஓடுபாதையைப் பார்த்தாள்.

"செட்."

எட்டு இடுப்புகள் உயர்ந்தன. வெடி வரவில்லை. இன்னும் வரவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் லின்வாலின் மார்பு தானாக எழும்பியது. அது எழும்பிய அதே நொடியில் தங்கையின் உள்ளங்கை அவன் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக மூடியது. அறுபது மீட்டருக்கு அப்பால் கோட்டில் குனிந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இவன் மூச்சு எப்படிக் கேட்கும் என்று அவள் யோசிக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை. அவள் கண்கள் ஆறாவது லேனில் குத்திட்டு நின்றன.

வெடித்தது.

கூட்டம் எழுந்தது. மேளம், ஊதல், காலடி, கூச்சல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அண்ணனும் தங்கையும் அசையவில்லை. இருவரும் இரண்டாவது வெடிக்காகக் காத்திருந்தார்கள். கெமோயா எந்த இடத்தில் வருகிறாள் என்று இருவருமே பார்க்கவில்லை. கெமோயாவின் பச்சைச் சட்டை அவர்களுக்கு நேரே, கீழே, மின்னலாகக் கடந்து போயிற்று. பின்னாலிருந்து யாரோ லின்வாலின் முதுகில் ஓங்கி அறைந்தார்கள். இரண்டாவது வெடி வரவில்லை. ஓடியவர்கள் முடிவுக் கோட்டைத் தாண்டி, வேகம் குறைந்து, இடுப்பில் கைவைத்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். தைல வாசம் வீசிய அந்த உள்ளங்கையை நோவ்லெட் இன்னும் அண்ணன் வாயிலிருந்து எடுக்கவில்லை.